ஹீரோவின் பாஸே வில்லன்... 'மிஷன் இம்பாசிபிள்' ட்விஸ்ட் பழைய ரசிகர்களைக் கோபப்படுத்தியது ஏன்?

ஸ்பை படத்தில் ஹீரோ கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒரே ஆள் அவரது மேலதிகாரி. அவரே துரோகி என்றால்? 2022-ல் தாம்பரம், குரோம்பேட்டை தியேட்டர்களில் 'விக்ரம்' பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. அதில் ஃபகத் ஃபாசிலின் மேலதிகாரியாக வரும் செம்பன் வினோத், வில்லன் விஜய் சேதுபதியின் ஆள். ஆனால் இதே ட்விஸ்ட்டுக்காக அதிகம் திட்டு வாங்கிய படம், 1996-ல் வந்த முதல் 'மிஷன் இம்பாசிபிள்'. (ஸ்பாய்லர் உஷார்!)

யார் இந்த ஜிம் ஃபெல்ப்ஸ்?

'மிஷன் இம்பாசிபிள்' முதலில் டிவி சீரியல். அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 1966 முதல் 1973 வரை ஓடியது. 2-வது சீசனில் இருந்து குழுவின் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸ். நடித்தவர் பீட்டர் கிரேவ்ஸ். 1988-ல் சீரியல் திரும்ப வந்தபோதும் அவர்தான் தலைவர்.

படத்தில் என்ன செய்தார்கள்?

டாம் குரூஸின் பாஸாக அதே ஃபெல்ப்ஸ் வருகிறார். கடைசியில், சொந்தக் குழுவையே பலி கொடுத்தவர் அவர்தான் என்று தெரிகிறது. பனிப்போர் முடிந்ததும் தனக்கு மதிப்பில்லை, வருஷ சம்பளம் வெறும் 62 ஆயிரம் டாலர் என்ற விரக்திதான் காரணம்.

இந்த வேடத்தை பீட்டர் கிரேவ்ஸ் மறுத்துவிட, ஜான் வாய்ட் நடித்தார். சீரியலில் பார்னியாக நடித்த கிரெக் மோரிஸ், படம் முடியும் முன்பே தியேட்டரில் இருந்து எழுந்து போய்விட்டார்.

மற்ற படங்களில் கோபம் வரவில்லையே?

'மிஷன் இம்பாசிபிள் 3'-லும் (2006) ஹீரோவின் அதிகாரி மஸ்கிரேவ்தான் துரோகி. ஜேம்ஸ் பாண்டின் 'ஸ்பெக்டர்' (2015) படத்தில் உளவுத்துறை தலைவர் 'சி' துரோகி. ஆனால் இவர்கள் அந்தந்தப் படத்துக்காகவே உருவாக்கப்பட்டவர்கள். பாண்டின் பழைய பாஸ் 'எம்' மீது கை வைக்கவில்லை.

ஃபெல்ப்ஸ் அப்படி இல்லை. வருஷக்கணக்கில் வீட்டு டிவியில் பார்த்துப் பழகிய முகம். அவரை வில்லன் ஆக்கியதும், பழைய எபிசோடுகளையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய நிலை.

லாபமா, நஷ்டமா?

வசூலில் லாபம்தான். உலகம் முழுக்க 45 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பழைய தலைவர் போனதால் ஈத்தன் ஹன்ட் தனி ஹீரோ ஆனார். 2025-ல் 8-வது படமும் வந்தாச்சு. அதில் ஹீரோவைத் துரத்தும் அதிகாரி பிரிக்ஸ் யார் தெரியுமா? ஜிம் ஃபெல்ப்ஸின் மகன்!