குறுக்குவில்லும் இங்கிலாந்தின் மான்காடுகளும்

மத்திய கால ஐரோப்பாவிலே மான்வேட்டை இருவகையாக நிகழ்ந்தது. ஒன்று, பரியேறி, நாய்க்கூட்டத்தை முன்விட்டு, கொம்பூதி, கலைமான் களைத்து நிற்குமளவும் துரத்திச் சென்று கொல்வது. பிரபுக்கள் இதனையே வேட்டையென மதித்தனர். மற்றையது, காலால் நடந்து, காற்றை முகத்தில் ஏற்றவாறு, மான் அறியாவண்ணம் அணுகி எய்வது. முன்னையதற்குக் குதிரைகளும் நாய்களும் ஏவலாளரும் பரந்த நிலமும் வேண்டும். பின்னையதற்கு ஒரு மனிதனும் ஒரு வில்லும் போதும். குறுக்குவில் என்னும் கருவி இங்கிலாந்தின் சட்டநூல்களிற் புகுந்தமைக்கு இவ்வேறுபாடே பெரிதுங் காரணமாயிற்று.

குறுக்குவில்லாவது, ஒரு மரத்தண்டின் முனையிலே குறுகிய வலிய வில்லொன்றைக் குறுக்காகப் பொருத்தியமைத்த பொறி. பின்னிழுத்த நாணைத் தண்டின்மேலுள்ள சிற்றுருளையொன்று பற்றி நிற்கும். கீழுள்ள விசையை அழுத்தியவுடன் உருளை சுழன்று நாணை விடும், குறுங்கணை பாயும். அவ்வுருளையைப் பெரும்பாலும் மான்கொம்பினாலேயே கடைந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. இக்கருவி ஐரோப்பியர்க்கே உரியதன்று. சீனத்திலே சின் வமிசப் பேரரசனின் சமாதியருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட மண்வீரர்களுடன் இதன் வெண்கல விசைகளும் கிடைத்துள்ளன. மதுரை மதிலின் பொறிகளுள் ஒன்றாகச் சிலப்பதிகாரங் கூறும் வளைவிற்பொறியையும் ஈண்டு நினைவு கூரலாம். ஆயின் அது மதிலைக் காத்தது, காட்டுக்குச் சென்றதன்று.

வேட்டைக்காரனுக்குக் குறுக்குவில் அளித்த நன்மை யாது? நெடுவில்லை வளைப்பவன் மானின் கண்ணெதிரே கையையும் தோளையும் அசைத்தே ஆகவேண்டும். வளைத்தபின் நெடுநேரம் தாங்கி நிற்கவும் இயலாது. குறுக்குவில்லையோ மறைவிலேயே நாணேற்றிக்கொண்டு புறப்படலாம். புதரின் பின் முழந்தாளிட்டு, மான் தலைகுனிந்து மேயுமளவும் காத்திருந்து, ஒரு விரலை அசைத்தால் அமையும். நெடுவில் சிறுபராயந் தொட்டுப் பழகியவனுக்கே வசமாகும். குறுக்குவில்லைச் சில நாளிற் கற்றுக்கொள்ளலாம். குறைகளும் இல்லாமலில்லை. மழையில் நாண் நனைந்தால் வலி குன்றும். வலிய வில்லாயின் இடைக்கச்சிலுள்ள கொளுக்கியோ நெம்புகோலோ சுழல்பொறியோ இன்றி நாணேற்ற இயலாது. ஆகவே முதற்கணை தப்பினால் இரண்டாவதற்கு மான் காத்திராது.

பிரான்சின் தென்பாலுள்ள புவா நாட்டுக் கோமகன் கஸ்தோன் பேபுஸ் 1387ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி எழுதத் தொடங்கிய வேட்டை நூல், இக்கலையை அறிவதற்குச் சிறந்த சான்றாகும். வேட்டைக்காரர் பச்சையாடை உடுத்து, இலைதழை மூடிய வண்டியொன்றுடன் மானை நெருங்கும் முறையை அது விவரிக்கின்றது. மானின் பார்வை வண்டிமேற் செல்லும். வில்லாளன் அதன் மறைவில் நிற்பான். விலங்கின் உருவம் வரைந்த துணியின் பின் நின்று முன்னேறும் உபாயமும் அதிற் கூறப்பட்டுள்ளது. அம்புபட்ட மான் உடனே வீழ்வதில்லை. அது காட்டினுள் ஓடும். குருதிச்சுவட்டை மோப்ப நாயின் துணைகொண்டு பொறுமையுடன் பின்பற்றவேண்டும். இவ்வளவும் எழுதிய கோமகன், வில்வேட்டையைத் தாம் அதிகம் அறியாரெனவும், அறிய விரும்புவோர் இங்கிலாந்துக்குச் செல்லுக எனவும் கூறிவிடுகின்றார். நாய்வேட்டையே அவருள்ளத்தைக் கவர்ந்தது. கரடி வேட்டையாடித் திரும்பிய நாளொன்றில், 1391இல், அவர் இறந்தார். யோர்க் கோமகன் எட்வேட் இந்நூலிற் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தம் அத்தியாயங்கள் சிலவற்றையுஞ் சேர்த்தார்.

பேபுஸ் சுட்டிய இங்கிலாந்திலே மான் வெறும் விலங்கன்று; அரசனின் உடைமை. முதலாம் வில்லியம் ஹம்சயரிலே புதுவனத்தை அமைத்தான். ‘வனம்’ என்ற சொல் அங்கு மரஞ்செறிந்த நிலத்தை மட்டும் குறித்ததன்று. வனச்சட்டம் ஆளும் நிலமனைத்தையும், வயலும் ஊரும் உட்பட, அது குறித்தது. மானைக் கொன்றவனின் கண்ணைப் பறிக்க அவ்வரசன் விதித்தானென ஆங்கிலோ சாக்சன் வரலாற்றேடு கூறுகின்றது. 1217ஆம் ஆண்டு நவெம்பரில் வெளிவந்த வனப் பட்டயம் இக்கொடுமையைத் தணித்தது. மான் பொருட்டு இனி ஒருவனும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் ஆகாது; தண்டப்பணம் செலுத்துக; இயலாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிருக்க; அதன்பின் பிணை நிற்போர் இல்லையாயின் நாட்டைவிட்டு நீங்குக என்பது அதன் விதி. அதனையடுத்து வேறொரு விதியுமுண்டு. அரசனிடஞ் செல்லும் பேராயரோ ஆயரோ பிரபுவோ வழியிலுள்ள வனத்தில் ஓரிரு மானை எய்துகொள்ளலாம். வனக்காவலன் அருகிலில்லையாயின் கொம்பொன்றை ஊதவேண்டும்; களவாக எடுத்ததெனத் தோன்றாமைப் பொருட்டு.

கொம்பொலிக்கும் மௌனத்துக்கும் இடையிலேதான் உரிமையும் களவும் பிரிந்தன. கால்நடையாக ஒளிந்து செல்பவனைச் சட்டம் ஐயுற்றமைக்கு இது காரணம். ஏழாம் ஹென்றியின் காலத்துச் சட்டமொன்று (1503), தனக்குரிய வனமோ வேலியடைத்த மான்காடோ அல்லாத இடத்தில், புதரையோ விலங்கையோ மறைப்பாகக் கொண்டு மானை அணுகுபவனுக்குப் பத்துப் பவுண் தண்டம் விதித்தது. பேபுஸ் கற்பித்த கலை இங்கே குற்றமாயிற்று. அதே ஆண்டின் வேறொரு சட்டம் அரசனின் அனுமதியின்றிக் குறுக்குவில் எய்வதைச் செல்வர்க்கு மட்டும் உரித்தாக்கியது. எட்டாம் ஹென்றியின் 1541ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் நிலவருவாய் இல்லாதவன் குறுக்குவில்லையும் கைத்துப்பாக்கியையும் எய்வதையும் வீட்டில் வைத்திருப்பதையும் தடுத்தது. மக்கள் நெடுவிற் பயிற்சியைக் கைவிடலாகாது என்பதும் அரசின் கவலை. ஆயினும் அது மட்டுமே நோக்கமாயின் செல்வரையும் தடுத்திருக்க வேண்டுமன்றோ?

இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே, 1621ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி, ஹம்சயரிலுள்ள பிராம்சில் மான்காட்டிலே ஒரு விபரீதம் நேர்ந்தது. சூச் பிரபுவின் விருந்தினராக வந்திருந்த கன்ரபரிப் பேராயர் ஜோர்ஜ் அபொட் குறுக்குவில்லினால் ஒரு கலைமானை எய்தார். கணை மானிற் படாது, காவலன் பீற்றர் ஹோக்கின்சின் கையிற் பாய்ந்தது. குருதி பெருகி அவன் இறந்தான். விலகி நிற்குமாறு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தான் என்றனர். மரண விசாரணையிற் பேராயர்மேற் குற்றங் காணப்படவில்லை. தேவதூதனுக்கும் இவ்வாறு நேரக்கூடுமென்று முதலாம் ஜேம்சு மன்னன் கூறினான்.

எனினும் திருச்சபை அமைதியுறவில்லை. மனிதக் குருதி சிந்திய கை குருப்பட்டம் அளிக்கலாமா? மதகுருமார் வேட்டையாடல் திருச்சபை விதிக்கு ஒக்குமா? வில்லியம் லோட் உள்ளிட்ட புதிய ஆயர்கள் அவர் கையால் அபிடேகம் பெற மறுத்தனர். ஆயரும் நீதிபதிகளும் அடங்கிய பதின்மர் குழு ஆராய்ந்தும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. டிசெம்பரில் மன்னன் மன்னிப்பு வழங்கி வழக்கை முடித்தான். அபொட் விதவைக்கு ஆண்டுதோறும் 20 பவுண் அளித்தார். மாதமொரு செவ்வாய்க்கிழமை ஆயுட்காலம் முழுவதும் நோன்பிருந்தார். அவரது துயரம் மெய்யானதே. ஆனால் அறிஞர் வாதிட்டதெல்லாம் பேராயரின் கையைப் பற்றியதாகவே இருந்தது. காவலனின் கையைப் பற்றி எவரும் நூல் எழுதவில்லை. அன்று பேராயர் ஏந்திய வில்லை அக்கம்பக்கத்துக் குடியானவன் ஒருவன் தன் கூரையின்கீழ்த் தொங்கவிட்டிருந்தானாயின், ஒரு கணையேனும் எய்யாமலே அவன் குற்றவாளி.

துப்பாக்கி பரவவே குறுக்குவில் மெல்ல மறைந்தது. வருவாய்க் கணக்கு மறையவில்லை. 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்திலும் சொந்த நிலத்தால் வரும் 100 பவுண் என்ற அதே எல்லை காணப்படுகின்றது. 1723இல் இயற்றப்பட்ட ‘கறுப்புச் சட்டம்’ இதனினுங் கடியது. ஹம்சயரிலே வின்செஸ்ரர் ஆயருக்குரிய வோல்தம் காட்டிலும், வின்சர் வனத்திலும் முகத்தைக் கரிபூசி மறைத்து மான் கொன்றவர்களை முன்னிட்டு அது பிறந்தது. மான் பொருட்டு உயிர் பறிக்கலாகாதென்று பட்டயம் உரைத்து 506 ஆண்டுகள் கழிந்தபின், மரணதண்டனை மீண்டும் மான்காட்டுக்குள் நுழைந்தது. அச்சட்டத்தின் பெரும்பகுதி 1823இலேயே நீக்கப்பட்டது.

வோல்தம் காட்டைப் பற்றிய ஒரு செய்தியைச் செல்போர்ன் ஊர்க் கில்பேட் வைற் 1789இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். மான்கள் அழிந்துபோன அக்காட்டிலே மீண்டும் மான்களை விடுமாறு வின்செஸ்ரர் ஆயர் ஹோட்லியிடம் கேட்டனராம். அக்காடு இதுவரை விளைத்த கேடு போதும் என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.