மூக்குத் தண்டு அறுவையும் அடைப்புத் துணியும்

மூக்கின் நடுத்தண்டு வளைந்து மூச்சடைப்பவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டு மருத்துவம் தந்த தீர்வு முரட்டுத்தனமானது. லண்டனில் வில்லியம் ஆடம்ஸ் 1875இல் இடுக்கியால் தண்டை உடைத்து நிமிர்த்தினார். அமெரிக்காவில் பாஸ்வொர்த், புடைத்த பகுதியைச் சிறு ரம்பத்தால் மேல்சவ்வோடு சேர்த்து அறுத்தார். சவ்வு போன இடம் ஆறாமல் பொருக்குக் கட்டிக்கொண்டே இருந்தது.

1884இல் கண் மருத்துவர் கார்ல் கொல்லர் கோகெய்னால் கண்ணை மரக்கச் செய்தார். மூக்கு மருத்துவர்களும் உடனே அதைக் கையில் எடுத்தனர். அது ரத்தக்குழாய்களையும் சுருக்கியதால் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. சிகாகோவில் ஃப்ரீயர் (1902), ஜெர்மனியில் கிலியன் (1904) இருவரும் சவ்வை இருபுறமும் உரித்து விலக்கி, நடுவிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் மட்டும் எடுத்துவிட்டுச் சவ்வை மறுபடி படியவிட்டனர். புண் விரைவில் ஆறியது. ஆனால் அளவுக்கு மீறி எடுத்தால் மூக்கின் முதுகுப்பகுதி உள்வாங்கியது. அதனால் 1940களிலிருந்து மருத்துவர் காட்டில் (Cottle) போன்றோர் வெட்டி எறிவதைக் குறைத்து, இருப்பதை நிமிர்த்தி வைக்கும் முறையை வளர்த்தனர்.

அறுவையின் வலி கோகெய்னால் முன்னரே தணிந்தது. அதற்குப் பிந்தைய வேதனைதான் நெடுங்காலம் நீடித்தது. பிரித்த சவ்வுகளுக்கிடையே ரத்தம் தேங்கினால் குருத்தெலும்பு ஊட்டமின்றி அழுகும். அதைத் தடுக்க, வாஸ்லின் தோய்த்த நாடா போன்ற காஸ் துணியை மூக்கின் அடித்தளத்திலிருந்து மடிப்பு மடிப்பாக மேல்வரை திணித்தார்கள். ஓரிரு நாள் வாயால்தான் மூச்சு. நாக்கு வறளும், தலை கனக்கும், எச்சில் விழுங்கினால் காது அடைக்கும், தூக்கம் வராது. உறைந்த ரத்தத்தோடு ஒட்டிய துணியை உருவும்போது வரும் வலி கத்தியின் வலியைவிட அதிகம் நினைவில் நின்றது. நோயாளிகள் அஞ்சியது இதற்குத்தான். அந்த அச்சம் நியாயமானதே.

பிறகு ஈரத்தில் ஊதும் பஞ்சுகளும், மூச்சுக்குழல் வைத்த சிலிகான் தகடுகளும் வந்தன. 1978இல் பெயரிடப்பட்ட, கிருமி நச்சால் வரும் நச்சு அதிர்ச்சி நோய் மூக்கடைப்புத் துணியாலும் வரக்கூடும் என்று 1980களில் தெரிந்தபோது, திணிப்பு அவசியம்தானா என்ற கேள்வி வலுத்தது. கரையும் நூலால் இரு சவ்வுகளையும் மெத்தை தைப்பதுபோல் குறுக்கும் நெடுக்கும் தைத்தால் ரத்தம் தேங்க இடமில்லை. வலியும் குறைவு என ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின.

இன்று பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். உள்வீக்கத்தால் ஓரிரு வாரம் மூக்கு அடைத்தாற்போலவே இருக்கும். தலையை உயர்த்திப் படுப்பது, உப்புநீரால் கழுவுவது, மூக்கைச் சிந்தாதிருப்பது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முவது ஆகியவை வழக்கமான அறிவுரைகள். சிலிகான் தகடு வைத்திருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுப்பர். ரத்தக்கசிவு நிற்காதவர்களுக்கு மட்டும் அடைப்பு இன்னும் கைகொடுக்கிறது.