ஓரியின் அம்பும் கிருஷ்ணனின் காமிராவும்

சேந்தமங்கலத்தில் சூரியன் கொல்லிமலைக்குப் பின்னிருந்துதான் எழுகிறது. அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியை நாம் அறிவோம். புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் பாடியிருக்கும் அவனது வேட்டையையும் அறிவோம். விட்ட அம்பு ஒன்று. வீழ்ந்தவை யானை, புலி, மான், பன்றி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பு. இன்று அம்மலையில் யானையும் இல்லை, புலியும் இல்லை. அந்தக் காட்சி புகைப்படமாக நமக்குக் கிடைத்திருந்தால் அதில் எதைத் தேடுவோம்? அம்பின் வலிமையை அல்ல. அந்த யானை எந்த மரத்தடியில், எப்படி நின்றிருந்தது என்பதைத்தான் தேடுவோம். நல்ல கானுயிர்ப் படம் எது என்ற கேள்விக்கு விடை இந்தத் தேடலில் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

காட்டு விலங்கைப் படமெடுக்கும் கலை வேட்டையின் தம்பியாகத்தான் பிறந்தது. ஆங்கிலேயர் காலத்துப் படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் செத்த புலியும், அதன்மேல் கால்வைத்து நிற்கும் துரையும்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரவில் விலங்குகளைப் படம் பிடித்தார். 1906-ல் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அது தட்டியதும் ஒளி வெட்டிப் படம் பதிவாகும்படி செய்தார். அவருடைய நூல் 1927-ல் வந்தது. புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டு உயிரோடு திரும்பிப் போனது என்பதே அதில் இருந்த புதுமை.

தமிழகத்தில் இந்தக் கலையை அறிவுத் துறையாக ஆக்கியவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார்; சென்னையில் தாவரவியல் படித்தார்; சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1950-லிருந்து 1996-ல் மறையும்வரை, 46 ஆண்டுகள், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார், சங்கப் பாடல்களின் விலங்குகளையும் மரங்களையும் காட்டில் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் படித்தவர் அவர்.

அவருடைய காமிரா கடையில் கிடைக்கும் ஒன்றல்ல. வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்டார். அதன் பளுவைக் கேலி செய்வதுபோல் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளையை விட்டு அவர் விலகவில்லை. இருட்டறை வேலையும் அவருடையதே. முதுமலை போன்ற காடுகளில் வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளைப் படமெடுத்தார். அதிலுள்ள சிரமத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். கரிய உடல், அடர்ந்த நிழல், இலைகளுக்கிடையே கண்கூசும் வெயில். நிழலுக்கு ஒளியளவு வைத்தால் வெயில் வெளுத்துவிடும். வெயிலுக்கு வைத்தால் யானை கரித்துண்டாகிவிடும். போதாததற்கு, கீழே இருக்கும் யானை மூச்சு விட்டாலும் கால் மாற்றினாலும் படம் கலங்கும்.

ஆனால் அவருடைய படங்களின் பலம் இந்தத் திறமையில் மட்டும் இல்லை. பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த கள ஆய்வு, 1959 முதல் 1970 வரையான காலத்தின் பதிவாக, 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக நூலாயிற்று. அவருக்குப் படமும் குறிப்பேட்டின் ஒரு பக்கம்தான். முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டும் படம் யானை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லும். மந்தையும் குட்டியும் புல்லும் சேர்ந்த படமோ யானை எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லும். வாழிடம் மறைந்தபின் முன்னது அலங்காரமாக எஞ்சும், பின்னது சாட்சியமாக நிற்கும்.

இன்று காமிரா எளிதாகிவிட்டது, அவசரமும் கூடிவிட்டது. கூடு தெரியவேண்டுமென்று மறைத்திருக்கும் கிளையை ஒடிக்கிறார்கள். பறவையின் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுக்கிறார்கள். கிளை போன கூட்டில் குஞ்சு வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகிறது. நாமக்கல்லுக்குத் தெற்கே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. தேவாங்கு இரவில் இரை தேடும் சிற்றுயிர். இருட்டுக்கென்றே அமைந்த பெரிய கண்கள் அதற்கு. அந்தக் கண்களில் ஒளியைப் பாய்ச்சி வாங்கும் படத்தை, அது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நல்ல படம் என்று ஏற்க நமக்கு மனம் வரவில்லை. அதில் தெரிவது தேவாங்கின் வாழ்வல்ல, நம்முடைய வெளிச்சம்.

ஓரியின் அம்பு தான் தொட்ட ஐந்தையும் வீழ்த்தியது. காமிரா தொட்ட விலங்கு, தொடப்பட்டதை அறியாமலே தன் வழியில் போகவேண்டும். கிருஷ்ணனின் படங்களில் யானைகள் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாகக் காமிரா வாங்கிக் கொல்லிமலை ஏறும் நண்பர்கள், அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டுமுன் அவருடைய ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பை ஒருமுறை வாசித்துவிடலாம். எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தபின் மலையேறுவது நல்லது.