கழி, கயிறு, சுக்கான்

மேனாம்பேட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் அம்பத்தூரில் ரயிலேறி, சென்ட்ரலுக்குச் சற்று முன் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காகக் காத்துக் கிடப்பார்கள். அந்தப் பாலத்துக்குப் பெயர் தந்தது அங்கிருந்த கால்வாய்ப் படகுத்துறை (பேசின்). ஒருகாலத்தில் சென்னையின் அடுப்புக்கு விறகும் உலைக்கு உப்பும் அந்த வழியாகத்தான் வந்தன.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டிய கால்வாய் அது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டுகொண்டே போனது. தாது வருடப் பஞ்சத்தில், கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டு உருவானது. 1878-ல் கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டினார்கள். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்.

இதில் இன்ஜின் இல்லாத தட்டையடிப் படகை ஓட்டுவது ஒருவர் வேலையல்ல. காற்று வாகாக இருந்தால் பாய். இல்லாவிட்டால் ஒருவர் கரையேறிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார். கரையிலிருந்து இழுத்தால் படகின் முகம் கரையைத்தானே நாடும்? அதனால் பின்னால் இருப்பவர் சுக்கானைக் கால்வாயின் நடுப்பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். கரையை ஒட்டிப்போனாலும் ஆபத்துதான். ஆழம் குறைந்த இடத்தில் படகின் பின்பக்கம் கரைப்பக்கமாக இழுபடும். படகுக்கு பிரேக் கிடையாது. நீர் உரசி ஓடினால்தான் சுக்கான் பேச்சைக் கேட்கும். வேகம் குறைந்துவிட்டால் அது வெறும் பலகை. அப்போது கைகொடுப்பது மூங்கில் கழி. முன்பக்கம் நின்று கழியை அடிமண்ணில் ஊன்றி, தோளை அதில் சாய்த்து, படகின் விளிம்போடு பின்னோக்கி நடந்தால் படகு முன்னே போகும். கழி சேற்றில் சிக்கிக்கொண்டால் உடனே கைவிட்டுவிட வேண்டும். விடாப்பிடியாகப் பிடித்தவர் கழியோடு தண்ணீரில் நிற்பார், படகு போய்விட்டிருக்கும்!

இங்கிலாந்துக் கால்வாய்களின் ஏழடி அகலப் படகுக்காரர்களுக்கும் இந்தப் பாடங்களில் பாதி தெரியும். அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாதது கடல். பக்கிங்காம் கால்வாய் பார்க்கத்தான் தேங்கிய நீர். எண்ணூர், கூவம், அடையாறு, முட்டுக்காடு என முகத்துவாரம்தோறும் ஏற்றவற்றம் உள்ளே வரும். வற்றத்தில் தரைதட்டும் படகு, ஏற்றத்தில் தானே மிதக்கும். ஆற்றைக் குறுக்கே கடக்கும் இடங்களில் வெள்ளமும் மணலும் கால்வாய்க்குள் புகாதிருக்க, இருபுறமும் இரட்டைக் கதவு லாக்குகள் கட்டப்பட்டன. எப்போது கிளம்புவது என்பதைவிட எங்கே காத்திருப்பது என்று அறிந்தவரே நல்ல படகோட்டி என்று சொல்லத் தோன்றுகிறது.

சரக்கு மட்டுமல்ல, ஆட்களும் போனார்கள். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாயில் போன படகுப் பயணத்தில் பிறந்ததுதான்.

லாரியும் ரயிலும் சரக்கைப் பறித்தன. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்தன. தூர்வாரும் செலவுக்கு ஈடாக வருமானம் இல்லை. பிறகு சாக்கடை வந்தது. 1990-களில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகப் பறக்கும் ரயில் வந்தபோது, தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 2008-ல் மத்திய அரசு இதே கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தது. அந்தத் தூண்களுக்கு நடுவே படகை எப்படித் திருப்புவது என்பதை அறிவிப்பு சொல்லவில்லை.