கூடம் நிற்கிறது, வாத்தியார் இல்லை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் அடிவாரத்தில், பெரிய நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. தொல்லியல் துறை அதை உடற்பயிற்சிக்கூடம் என்று குறித்து வைத்திருக்கிறது. கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு மலையேறும் அவசரத்தில் பெரும்பாலானவர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது. யாருக்காக அந்தக் கூடம் இருந்தது, அங்கே பயின்றவர்களுக்குச் சோறு போட்டது யார், அது ஏன் வெறிச்சோடியது என்று கேட்டுக்கொண்டே போனால், ஏழை மக்களுக்கு உடற்பயிற்சியும் ஆரோக்கியமும் எட்ட வேண்டும் என்று இன்று தீட்டப்படும் திட்டங்கள் எங்கே இடறுகின்றன என்பது தெரியவரும். கட்டடம் கட்டுவது எப்போதுமே எளிதாக இருந்திருக்கிறது. கற்றுக்கொடுக்கிறவரை நிலைநிறுத்துவதுதான் கடினம். செஞ்சியின் வரலாறு இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அரண்மனைக்காரர்கள் உடம்பை எவ்வளவு அக்கறையோடு பேணினார்கள் என்பதற்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. 1520 வாக்கில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் காலை வேளையை விவரித்திருக்கிறார். ராயர் விடியுமுன் நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மண்ணால் செய்த கனத்த எடைகளைத் தூக்குவார். குடித்த எண்ணெய் முழுவதும் வியர்வையாக வெளியேறும்வரை வாள் வீசுவார். பிறகு தம் மல்லர்களில் ஒருவரோடு மல்லுக்கட்டிவிட்டு, பொழுது புலரும்வரை குதிரையில் சுற்றிவருவார். செஞ்சி நாயக்கர்கள் இந்த விஜயநகர ஆட்சியின் கீழ் வளர்ந்தவர்கள். 1597-இல் செஞ்சிக்கு வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களிலேயே இது பெரியது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பன் ஒன்றைத் தவிர வேறெந்த ஊரும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதினார். அவ்வளவு பெரிய ஊரின் படைக்குப் பயிற்சி இன்றியமையாதது. பிறகு பீஜப்பூர் சுல்தானின் ஆட்சி வந்தது. 1677-இல் சிவாஜி வந்தார். 1690 முதல் 1698 வரை அவருடைய மகன் ராஜாராம் இங்கிருந்துகொண்டு முகலாயப் படையை எதிர்த்து நின்றார். கொடி மாறிக்கொண்டே இருந்தாலும், பயின்ற உடம்புக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்தக் கூலி ஊராரின் வரிப்பணம். பயிற்சி பெற்றதோ படையில் இருந்தவர்கள் மட்டும்.

கோட்டையில் வேறொரு வகை உடம்புகளும் இருந்தன. ராஜகிரியின் உச்சிக்குப் போகும் வழியில் மலை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் மரப்பாலம் போட்டுத்தான் உச்சிக்கோட்டைக்குப் போக முடிந்தது. மேலே இருக்கும் களஞ்சியத்துக்குப் போன நெல்லும், பீரங்கியும், கோயில் கல்லும் யாரோ தலையிலும் தோளிலும் சுமந்து ஏற்றியவைதான். கோட்டையின் மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதிலின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முதுகெலும்பு கணக்கு வைத்திருக்கும். இந்த உடம்புகளுக்கு எண்ணெய்க் குளியலோ ஓய்வோ கிடைத்ததாக எந்தப் பயணியும் எழுதவில்லை. மறுபக்கம், பயின்ற உடம்பு மட்டும் இருந்துவிட்டால் ஆரோக்கியம் வந்துவிடுவதும் இல்லை. 1750-இல் செஞ்சியைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்குமேல் இங்கே வைத்திருந்ததில்லை. ஆனாலும் பத்தாண்டுகளில் 1,200 பேரை இந்த ஊரின் நோய்க்குப் பறிகொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்கிறார். எதிரியின் குண்டு செய்யாததைக் காய்ச்சல் செய்தது. ஆகவே தண்ணீர், கொசு, சோறு, ஓய்வு ஆகியவற்றை விட்டுவிட்டு உடற்பயிற்சியைத் தனியாகப் பேசுவது அரைப்பேச்சு.

1761-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1780-இல் ஹைதர் அலி அதைப் பிடித்தார்; அந்தப் போர்கள் ஓய்ந்தபின் செஞ்சிக்குப் படையெடுப்பும் இல்லை, படையும் இல்லை. படிப்பணம் நின்றதும் கூடமும் நின்றது. 1801-இல் பாளையக்காரர்களை ஒடுக்கியபின் கும்பினி ஆட்சி தெற்கே ஆயுதங்களைப் பறித்தது; அதன்பின் வந்த பிரிட்டிஷ் அரசு, 1878-இன் ஆயுதச் சட்டத்தோடு நாடு முழுவதையும் உரிமம் இல்லாமல் ஆயுதம் ஏந்த முடியாத நாடாக்கியது. அரண்மனையை நம்பியிருந்த பயிற்சி இப்படி அழிந்தது. ஆனால் அதே செஞ்சி வட்டாரத்தில் இன்னொரு பயிற்சி, திரௌபதி அம்மன் திருவிழாவின் கூத்துப் பயிற்சி, அழியவில்லை. செஞ்சிக்கு வடமேற்கே மேலச்சேரி என்ற ஊர் இருக்கிறது. பழைய செஞ்சி என்பது அதற்கு இன்னொரு பெயர். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலைத் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயிலாக மரபு கொண்டாடுகிறது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, செஞ்சி வட்டாரத்தையே திரௌபதி வழிபாட்டின் கருநிலமாக நிறுவியது. இந்தத் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். கூத்தாடுகிறவர் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் கட்டிக்கொண்டு, இராத்திரி பத்து மணிக்குமேல் களத்தில் இறங்கி விடிய விடிய ஆடுவார். பாட்டும் அவரே பாட வேண்டும், பின்பாட்டு துணைதான். உச்சக்குரலில் ஒரு விருத்தம், உடனே ஒரு அடவு, உடனே கிறிக்கி போட்டுச் சுழற்சி. மூச்சு வாங்கினால் பாட்டு போய்விடும். அர்ச்சுனன் தபசு அன்று அர்ச்சுன வேடக்காரர் வேடத்தோடேயே உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டு ஏறி, உச்சியில் நின்று பூசை செய்ய வேண்டும். கீழே பிள்ளைவரம் கேட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். இத்தனையும் செய்யும் உடம்பு சிறுவயதிலிருந்தே வாத்தியாரிடம் அடி வாங்கிப் பழகிய உடம்பு. பெரும்பாலும் உழவர், கூலிக்காரர் வீட்டு உடம்பு.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஊர் கூடிப் போட்ட தலைக்கட்டு வரியிலிருந்து. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பெரியவர்கள் வகுத்து, காப்புக் கட்டுவதற்கு முன்பே வசூலித்துவிடுவார்கள். கூத்து வாத்தியாருக்கும் மேளக்காரருக்கும் பேசிய தொகை அதிலிருந்தே போகும். திருவிழா ஊர்வலத்தில் கம்பு சுற்றுகிற சிலம்பாட்ட வாத்தியாரும் இதே போல ஊரின் மரியாதையில் வாழ்ந்தவர். நெற்றி உயரத்துக்கு வெட்டிய ஒரு மூங்கில் கம்பு, அறுவடை முடிந்த களத்துமேடு, கற்றுக்கொடுக்க ஓர் ஆள் என்ற மூன்றே முதலீட்டில் அது நடந்தது. அரசர் கட்டிய கூடம் படை போனதும் காலியானது. ஊர் வரியில் நின்ற ஆட்டம் எத்தனையோ ஆட்சிகளைத் தாண்டி வந்தது. வாத்தியாருக்கு யார் படியளப்பது என்பதில் இரண்டுக்கும் இருந்த வேறுபாடே இதற்குக் காரணம் என்பது என் வாதம்.

இதை ஊரின் பொற்காலம் என்று கொண்டாட முடியாது என்ற மறுப்பு நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. தலைக்கட்டு வரி கட்டும் உரிமையே சேரிக்கு மறுக்கப்பட்ட ஊர்கள் உண்டு. சிலம்பக் களத்தில் பெண்ணுக்கு இடமில்லை. கூத்தில் பாஞ்சாலி வேடத்தைக்கூட ஆண்தான் கட்டினார். பழைய கதை என்று ஒதுக்கவும் வழியில்லை: செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழையக்கூடாது என்று தகராறு எழுந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைக்க வேண்டியதாயிற்று. கோயில் நுழைவுச் சட்டம் வந்து 76 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் ஊரில் யார் என்ற கேள்வி வந்துவிடும். அதனால்தான் படியளக்கும் பொறுப்பு அரசிடம் இருக்க வேண்டும் என்கிறேன். எல்லாருக்கும் பொதுவான தலைக்கட்டு வரி இன்று அரசாங்க வரிதான். பழைய ஏற்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பணம் முதலில் ஆளுக்குப் போனது.

அப்படிச் செய்தால் என்ன விளையும் என்பதற்கு விழுப்புரத்திலேயே சாட்சி இருக்கிறது. மல்லர் கம்பம் என்ற விளையாட்டில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் தேசிய அளவில் பேர் வாங்கியிருக்கிறார்கள். தரையில் நட்ட வழவழப்பான ஒரு மரத்தூண், அதன்மேல் தேய்க்க விளக்கெண்ணெய், தொங்கவிட ஒரு கயிறு, சாமான் இவ்வளவுதான். தொடைப்பிடியில் தலைகீழாகத் தொங்கி, கையை விட்டு, மேலே வளைந்து கம்பத்தின் தலையில் நிற்கும் அந்தப் பிள்ளைகளில் பலர் கூலி வேலை செய்பவர்களின் வீட்டிலிருந்து வருகிறவர்கள். பெண்பிள்ளைகளும் நிறைய. ஹரியானாவில் 2022-இல் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் மல்லர் கம்பம் சேர்க்கப்பட்டபோது, இதற்கென்று பெரிய அரங்கம் எதுவும் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. விடாமல் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்கள் இருந்ததால்தான் அந்த வழியில் நடக்க அவர்கள் தயாராக இருந்தார்கள்.

நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரிவோடு கேட்பதாகத் தோன்றினாலும் இது கோட்டைக்குக் கல் சுமந்தவரைப் பார்த்துச் சொன்ன பேச்சுதான். வேலை உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்க்கும். நடவு நட்டவளின் இடுப்புக்கு அது பயிற்சியல்ல. அந்த வேலையும் இப்போது பழைய அளவில் இல்லை. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. ஊரைவிட்டுக் கம்பெனி வேனில் போய் நாற்காலியில் உட்கார்ந்தோ, ஒரே இடத்தில் நின்றோ வேலை செய்கிற இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டது. செஞ்சியிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்திலுள்ள புதுச்சேரியில் அது 26.3 விழுக்காடு. பணக்காரர் நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் அறிவித்த அம்மா பூங்கா, உடற்பயிற்சிக்கூடத் திட்டம் 500 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டது. 2024-இல் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுச் சாமான்கள் வழங்கும் திட்டம் தொடங்கியது. நோக்கம் நல்லது. ஆனால் கட்டிய கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன, சாமான்கள் துருவேறிப் போகின்றன என்ற செய்திகள் வந்தபடியே இருந்தன. ராஜகிரி அடிவாரத்துக் கூடத்துக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது. இவை காலியாவதற்குப் படையெடுப்புகூடத் தேவைப்படவில்லை. ஆளுக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் கை எவ்வளவு சுருங்குகிறது என்பதற்குப் பகுதிநேர ஆசிரியர்களே சான்று. 2012-இல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நிற்கிறார்கள். இரும்புக்குத் தாராளமாகச் செலவழிக்கிறவர்கள் மனிதருக்கு என்றதும் கணக்குப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்கு நேர்மாறாக நடந்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து வீடு வீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வைத்தார்கள். இயன்முறை மருத்துவர் நோயாளியின் திண்ணைக்கே போனார். ஆளை அனுப்பிய திட்டம் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது.

செஞ்சிக்கென்று இன்னொரு காரியமும் உண்டு. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக இந்தக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இனி சுற்றுலாப் பயணி கூடுவார், வேலியும் கட்டணமும் கூடும். மதிலுக்கு உள்ளே நிழலும் குளக்கரையும் சமதளமும் சேர்ந்த அவ்வளவு பெரிய நடைவெளி, பேரூராட்சி எந்தக் காலத்திலும் கட்ட முடியாத ஒன்று. வெயில் ஏறுமுன்பு நடக்கத்தான் உள்ளூர்க்காரருக்கு அது தேவை. நினைவுச்சின்னம் கெட்டுவிடும் என்ற கவலைக்கு வேலூர்க் கோட்டை பதில் சொல்லும். அதுவும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதுதான். அங்கே கட்டணமில்லாமல் உள்ளே போகலாம், காலையில் ஊர்மக்கள் நடக்கிறார்கள், கோட்டை நிற்கிறது. மலைமேல் யாரும் கேட்கவில்லை. அடிவாரத்தை மட்டும், விடியலிலிருந்து இரண்டு மணி நேரம், செஞ்சி மக்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டால் போதும். கூடவே அந்த நேரத்தில் நடக்கவும் கம்பு சுற்றவும் சொல்லிக்கொடுக்க, பெண்களுக்குப் பெண்ணாகவே ஒருவர் உட்பட, முழுச் சம்பளத்தில் வாத்தியார்களைப் பேரூராட்சி அமர்த்த வேண்டும். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கத் தேவையில்லை. சம்பளப் பட்டியலில் சில பெயர்கள் ஏற வேண்டும்.