தாம்பரமும் முதுமையில் ஆண்மை நலமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண்களின் விந்தகங்களில் சுரக்கும் இயக்குநீர், அதாவது ஹார்மோன் ஆகும். தசை வலிமை, எலும்பின் உறுதி, இரத்தச் சிவப்பணு உற்பத்தி, பாலுணர்வு, விந்தணு உருவாக்கம் ஆகியவற்றுக்கு இது தேவை. நடுவயதுக்குப் பின் இதன் அளவு ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு என்ற கணக்கில் மெல்லக் குறைகிறது. இச்சரிவை இயற்கை முறையில் தடுக்கலாமா என்ற கேள்வி, ஹார்மோன் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே இருந்து வருகிறது. அதற்குத் தரப்பட்ட விடைகள் சிலவற்றின் வரலாறு, சென்னையின் தென்புறநகரான தாம்பரத்தோடு தொடர்புடையது.

காயகற்பம்

சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களால் ஆனதாகக் கொள்கிறது. அவை சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் என்பனவாகும். பெண்களுக்குச் சுக்கிலத்தின் இடத்தில் சுரோணிதம் வரும். உண்ட உணவு முதலில் சாரமாகி, பின் ஒவ்வொரு தாதுவாக மாறி, கடைசியில் சுக்கிலமாகிறது என்பது கொள்கை. எனவே உணவையும் செரிமானத்தையும் சீர்செய்யாமல் சுக்கிலத்தை மட்டும் பெருக்க இயலாது என்பது இதன் உட்பொருள்.

முதுமையைத் தள்ளிப்போடும் முறைக்குக் காயகற்பம் என்று பெயர். காயம் என்றால் உடல். மூலிகை மருந்துகளோடு மூச்சுப்பயிற்சி, அளவான உணவு, ஒழுக்க நெறி ஆகியனவும் இதில் அடங்கும். காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் கொள்ளும் வழக்கம் எளிய கற்ப முறையாக இன்றும் பல வீடுகளில் உள்ளது. அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில், நிலப்பனைக் கிழங்கு ஆகியவை ஆண்மை பெருக்கும் மூலிகைகளாகக் கருதப்பட்டன.

இக்கொள்கைக்கு மற்றொரு முகமும் உண்டு. கடைசித் தாது அரியது என்பதால், அது சிறிது வீணானாலும் உடல் அழியும் என்ற அச்சம் இந்தியா முழுவதும் பரவியது. இந்த அச்சத்தால் வரும் சோர்வையும் மனக்கலக்கத்தையும் உளநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960-ஆம் ஆண்டு 'தாத் நோய்க்குறித்தொகுப்பு' என்று பெயரிட்டு விளக்கினார். 'தாத்' என்பது தாது என்ற சொல்லின் திரிபே.

ஐரோப்பாவின் தேடல்

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்தோல்ட் சேவல்களின் விந்தகங்களை அகற்றினார். அவற்றின் கொண்டை சுருங்கியது. கூவலும் சண்டையும் நின்றன. விந்தகத்தை மீண்டும் வயிற்றுக்குள் பொருத்தியபோது அவை பழைய நிலைக்குத் திரும்பின. விந்தகத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலக்கிறது என்பதை இது காட்டியது.

1889-இல் 72 வயதான பிரெஞ்சு அறிஞர் பிரவுன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசி வழி செலுத்தி, இளமை திரும்பியதாக அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் மிகச் சிறிதளவே கரையும். எனவே அவருடைய சாற்றில் பயன் தரும் அளவு இருந்திருக்க முடியாது. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே எனக் கருதப்படுகிறது. ஆயினும் அவரைப் பின்பற்றிச் சுரப்பி மருந்து வணிகம் பெருகியது. 1920-களில் செர்ஜ் வொரொனாஃப் குரங்கின் விந்தகத் துண்டுகளை முதியவர்களுக்குப் பொருத்தினார்.

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் சுமார் 100 கிலோ காளை விந்தகத்திலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் புட்டெனாண்ட், ருசிக்கா ஆகியோர் தனித்தனியே அதைச் செயற்கையாக உருவாக்கினர். இருவருக்கும் 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மாளவியாவின் சிகிச்சை

இதே காலத்தில் இந்தியாவில் காயகற்பம் நாடறிந்த செய்தியானது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன் மாளவியா 1938-இல், தம் 76-ஆம் வயதில், தபசி பாபா என்ற துறவியிடம் இச்சிகிச்சையை மேற்கொண்டார். வெளிச்சம் புகாத குடிலில் தங்கி, மருந்தும் பாலும் உட்கொள்வது அம்முறை. அவருக்குத் தெம்பு கூடியதாகச் செய்திகள் வந்தன. ஆனால் இளமை நிலைக்கவில்லை, 1939-இல் துணைவேந்தர் பொறுப்பிலிருந்து விலகினார், 1946-இல் காலமானார்.

தாம்பரம் சானடோரியம்

தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் 1928-ஆம் ஆண்டு மருத்துவர் சவுரிமுத்து 12 படுக்கைகளுடன் ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மென்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். காசநோய்க்கு மருந்து இல்லாத அக்காலத்தில் தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு, அளவான உடலுழைப்பு ஆகியவையே சிகிச்சை. 1937-இல் அரசு அதை ஏற்றது. ரயில் நிலையத்துக்கும் சானடோரியம் என்ற பெயரே நிலைத்தது.

இது ஆண்மைக்கான மருத்துவமனை அன்று. ஆனால் தளர்ந்த உடலை வாழ்முறையால் தேற்றலாம் என்ற எண்ணம் தாம்பரத்தில் இங்குதான் நிறுவன வடிவம் பெற்றது. இந்த மருத்துவமனை பிற்காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம், இரசகந்தி மெழுகு ஆகிய சித்த மருந்துகளையும் வழங்கியது. இவற்றில் அமுக்கரா, காயகற்ப மரபு போற்றிய அதே மூலிகை.

விடுதி வைத்தியம்

இதற்கிடையே முதுமையின் தளர்ச்சி ஒரு சந்தையாகவும் மாறியது. 'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று அழைக்கும் விளம்பரங்களைத் தமிழர் அறிவர். மாதத்தில் குறித்த தேதியில் ஊர் விடுதியில் தங்கி மருந்து தரும் வைத்தியர்கள் தோன்றினர். கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டிப் பெட்டிகளிலும் ஆண்மைக்குறைவுச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. பாலின்ப ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருந்தும் விளம்பரங்கள் ஓயவில்லை. வெளியே சொல்லக் கூச்சப்படும் முதியவரே அவற்றின் வாடிக்கையாளர்.

தேசிய சித்த மருத்துவ நிறுவனம்

சித்த மருத்துவத்தை முறையான கல்வியாக்கும் முயற்சி வேறொரு பாதையில் நடந்தது. 1921-இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. அதன் விளைவாகக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி உருவானது. 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2005 செப்டம்பர் 3-ஆம் நாள் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். அதன் மருத்துவமனைக்குச் சித்த மருத்துவரும் 'தமிழன்' இதழாசிரியருமான அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. காயகற்பம் இங்கே சிறப்பு மருத்துவத் துறையின் பாடமாக உள்ளது.

ஆய்வுகள் கூறுவது

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், அறிகுறிகளுடன் கூடிய உண்மையான குறைபாடு 100 பேரில் சுமார் 2 பேருக்கே இருந்தது. உடல் பருமனும் நாள்பட்ட நோய்களும் உள்ளவர்களிடம் அது மிகுதி. கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதும், பருமன் மூளையின் தூண்டுதலைக் குறைப்பதும் இதற்குக் காரணங்கள். எடை குறைந்தால் அளவு உயர்கிறது. 2011-இல் வெளியான சிறு ஆய்வொன்றில், ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டுமே தூங்கிய இளைஞர்களுக்குப் பகல்நேர அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது.

மூலிகைகளில் அமுக்கராவுக்கு ஓரளவு சான்று உண்டு. எடை கூடிய 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் அளவு சுமார் 15 விழுக்காடு கூடியது. ஆனால் சோர்வு, பாலியல் நலம் ஆகியவற்றில் போலி மருந்தை விடத் தெளிவான முன்னேற்றம் இல்லை. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. நெருஞ்சில் நலமுள்ள ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துவதாக உறுதிப்படவில்லை.

ஹார்மோன் மருந்தும் எல்லோருக்கும் ஏற்றதன்று. உண்மையான குறைபாடு உள்ளவருக்கு அது பயன் தரும்; ஆனால் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். அதைத் தொடங்குமுன் காலை வேளையில் இருமுறை இரத்தப் பரிசோதனை செய்வது மருத்துவ நடைமுறை.

முடிவுரை

சேவலின் கொண்டையிலிருந்து காயகற்பக் குடில் வரை, இழந்த இளமையை ஒரே பொருளில் தேடிய முயற்சிகள் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அளவான உணவு, உடலுழைப்பு, உறக்கம் என்று காயகற்ப நூல்நெறியும் சானடோரியமும் வலியுறுத்தியவற்றை இன்றைய அளவீடுகள் பெரிதும் ஆதரிக்கின்றன. மேலும், விறைப்புத் தளர்ச்சி என்பது நீரிழிவு, இதயக் குருதிக்குழாய் நோய் ஆகியவற்றின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். கூச்சத்தால் பெயரில்லாத சூரணப் பொட்டலத்தை வாங்குபவர் பணத்தோடு, அந்நோய்களை முன்கூட்டியே கண்டறியும் காலத்தையும் இழக்கிறார். சித்த மருத்துவரோ ஆங்கில மருத்துவரோ, முறையாகப் படித்த ஒருவரிடம் வெளிப்படையாகப் பேசுவதே முதல் மருந்து.