பெங்களூரின் ஏரிகளும் நீர்ப்பறவைகளும்

பெங்களூர் என்றதும் நம்மவர் நினைவில் எழுவன பூங்காக்களும் குளிர்ந்த காற்றுமே. ஆயினும் அந்நகரை வளர்த்தவை ஏரிகளே என்பதைப் பலர் அறியார்.

கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு நிலத்தின்மீது அமைந்தது அந்நகர். அருகே பேராறு எதுவுமில்லை. எனவே முன்னோர் பள்ளந்தோறும் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். மேலேரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் கீழேரிக்கு இறங்கும். அக்கால்வாயைக் கன்னடத்தார் ராஜகாலுவே என்பர்.

இவ்வரலாற்றில் தமிழுக்கும் பங்குண்டு. மடிவாளா சோமேசுவரர் கோயிலிலுள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைத் தானமளித்த செய்தியைக் கூறுகிறது. கெம்பே கவுடர் 1537இல் கோட்டை கட்டினார் என்பர். அதற்கு 290 ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வேரி தமிழில் பதிவாகிவிட்டது.

நீர் நின்ற இடத்தில் பறவைகளும் தங்கின. கூழைக்கடா, நீர்க்காகம், சாம்பல் நாரை, தாழைக்கோழி ஆகியவற்றை இன்றும் அங்குக் காணலாம். ஆசியாவின் வடபால் ஏரிகளிலும் சதுப்புகளிலும் குஞ்சு பொரிக்கும் நீலச்சிறகி என்னும் வாத்து, அங்கே நீர் உறையுமுன் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல் கடந்து தென்னாட்டு ஏரிகளை வந்தடைகிறது. அது நாடுவது ஆழமற்ற நீரையும் நாணற் புதரையுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1974இல் காவிரியிலிருந்தும் குழாய்நீர் வந்தது. ஏரியின்றியும் வாழலாம் என்ற எண்ணம் வளர்ந்தது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. கரக விழாவுக்கென ஒரு சிறு குளமே எஞ்சியது. கழிவுநீர் பாய்ந்த பெல்லந்தூர் ஏரியில் 2017இல் தீயே பற்றியது!

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. பொதுமக்களின் முயற்சியால் கைகொண்டனஹள்ளி ஏரி மீண்டது. ஜக்கூரில் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, நாணல் நிறைந்த சதுப்பின் வழியே ஏரியை அடைகிறது. காலையில் உலவச் செல்வோரும், தொலைநோக்கியுடன் பறவை காண்போரும் அங்கே கூடுகின்றனர். உலாவுவோர் பொருட்டுக் கரை முழுவதும் கல்லும் சிமென்டும் பாவிவிட்டால் பறவைக்கு இறங்க இடமிராது. இரண்டுக்கும் இடமளிப்பதே அறிவுடைமை.

நேயர்களே! நீங்கள் குடியேறியுள்ள நகரிலும் ஒரு பழைய ஏரி இருக்கக்கூடும். அதன் பெயரையும், நீர் வரும் கால்வாயையும் அவ்வூர் முதியோரிடம் கேட்டறியுங்கள். மார்கழியில் உங்கள் மக்களையும் அங்கு அழைத்துச் செல்லுங்கள். வடதிசையிலிருந்து வந்த விருந்தினரை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.